ஒரு வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஆங்கிலத்தின் பெரிய அகராதிகளில் மிக நீளமான பதிவுகளைப் பெற்றிருப்பவை ‘செட்’, ‘ரன்’, ‘புட்’, ‘டேக்’ முதலான சின்னஞ்சிறு வினைச்சொற்களே. பள்ளிக்குப் போகுமுன்பே குழந்தைகள் பிழையின்றி வழங்கத் தொடங்கிவிடும் இச்சொற்கள்தாம் தொகுப்பாசிரியர்களை மாதக்கணக்கில் மேசையோடு கட்டிப்போடுகின்றன. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினைக்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அந்த ஒரு பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் வரை நீண்டது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி தொடங்கியபின் 2000இல் ‘மேக்’ என்பதும், 2007இல் ‘புட்’ என்பதும் அதை விஞ்சின. அவற்றையும் தாண்டிச் சென்றது ‘ரன்’. இதன் பதிவைத் திருத்திய பீட்டர் கில்லிவர் அதற்கு ஒன்பது மாதங்கள் எடுத்துக்கொண்டார் என்றும், வினைச்சொல்லாக அதற்கு 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன என்றும் 2011இல் செய்தி வந்தது. பொதுவாசகர் இந்த எண்ணைச் சொல்லின் பெருமையாக எடுத்துக்கொள்கிறார். அகராதித் தொழிலில் இருப்போருக்கோ அது தொகுப்பாசிரியரின் கத்தி எங்கெங்கே விழுந்தது என்பதற்கான கணக்காகவே தெரியும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்னும் மின்சொற்களஞ்சியம் இதே வினைக்கு 41 பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல இடமில்லை.

இந்தச் சுமை பழையது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் வரம்பு தளர்ந்து கிடக்கும் இத்தகைய வினைகள் தம் உழைப்பைப் பன்மடங்காக்கின என்று முன்னுரையிலேயே குறைபட்டுக்கொண்டார். அவர் பட்டியலில் ‘ரன்’ உண்டு, ‘டேக்’ என்ற வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களை எழுத நேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே, தோட்டத்தில் எழுப்பிய இரும்புக் கொட்டகையில் 1,029 மாடக்குழிகளை அமைத்து, தன்னார்வ வாசகர்கள் அனுப்பிய மேற்கோள் சீட்டுகளை அடுக்கியபோது வேறொரு சிக்கலைக் கண்டார். சீட்டு என்பது ஒரு சொல் பயின்று வந்த தொடரையும், அது எடுக்கப்பட்ட நூலையும் ஆண்டையும் எழுதிய சிறு தாள். வாசகர்கள் அரிதான சொற்களைக் கண்டவுடன் எழுதி அனுப்பினர்; அன்றாடச் சொற்களைக் கண்ணால் கண்டும் கடந்துபோயினர். வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் அளவுக்குச் சேர்ந்திருக்க, எல்லோரும் வழங்கும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. ஆகவே அன்றாட வினைகளுக்கு உதவியாசிரியர்களே நூல்களைப் புரட்டி மேற்கோள் திரட்ட வேண்டியிருந்தது. இன்றைய தொகுப்பாசிரியருக்கு இந்தப் பஞ்சம் இல்லை, வெள்ளமே தொல்லை. கணினியில் ஏற்றிய பேச்சும் எழுத்துமான பெருந்திரட்டு, அதாவது தரவகம், ‘ரன்’ என்று கேட்டவுடன் பல்லாயிரம் வரிகளைக் கொண்டுவந்து கொட்டிவிடும்.

அந்தக் குவியலை முதலில் இரண்டாகப் பிரிப்பதே வழக்கம்: செயப்படுபொருள் இல்லாதவை ஒருபுறம், உள்ளவை மறுபுறம். ஓட்டக்காரர் ஓடுவதும் ஆறு ஓடுவதும் முதல் கட்டில் விழும். ஒருவர் குதிரையை ஓட்டுவதும் கடையை நடத்துவதும் இரண்டாம் கட்டில் விழும். இலக்கணம் கருதி மட்டும் செய்யப்படும் பிரிவன்று இது. சொல்லின் வரலாறே இதற்குப் பின்னால் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு வினைகள்: தானே ஓடுவதைக் குறித்தது ஒன்று, பிறிதொன்றை ஓடச் செய்வதைக் குறித்தது மற்றொன்று. வைக்கிங்குகளின் வருகையோடு நார்ஸ் மொழியின் இணைச் சொற்களும் வந்து கலந்தன. காலப்போக்கில் ஒலிகள் மயங்கி எல்லாம் ஒரே வடிவமாகிவிட்டன. ஓடு, ஓட்டு என்று தன்வினையையும் பிறவினையையும் ஓர் ஒற்றின் இரட்டிப்பால் பிரித்து வைத்திருக்கும் தமிழுக்குப் பழகியவர், ஆங்கிலம் இழந்தது எது என்பதை உடனே உணர்வார். ‘செட்’ என்பதும் உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்னும் வினையின் பிறவினையாகவே பிறந்தது. ஆங்கிலத்தின் மிகப் பெரிய பதிவுகளில் இரண்டு இப்படிப் பிறவினையோடு உறவுடையனவாக அமைந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. ஒன்றைச் செய்விப்பதற்கு உலகில் உள்ள வழிகள், அது தானே நிகழும் வழிகளைவிட எப்போதும் அதிகம்.

முதற்பிரிவு எளிது. அடுத்து நீர் தொடர்பான சீட்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பரப்பினால் தொழிலின் உண்மையான கடினம் தெரியவரும். ஆறு பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. குழாய் திறந்தே கிடக்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. துவைத்த சேலையில் சாயம் இறங்குகிறது. வெயிலில் வெண்ணெய் உருகி வழிகிறது. தெருவில் வெள்ளம் பெருக்கெடுக்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஏழு இடத்திலும் ‘ரன்’ ஒன்றே போதும். ஏழையும் ‘நீர்மம் இடம்பெயர்தல்’ என்ற ஒற்றை விளக்கத்தில் அடக்க முயலும் ஆசிரியருக்குக் குழாய் இடறலாகும்: தண்ணீர் நகர்கிறது, குழாய் நகரவில்லை, எழுவாயாக நிற்பதோ குழாய். மூக்கும் அப்படியே. ஆகவே நீர்மம் எழுவாயாவது ஒரு பொருள், அது வெளிப்படும் வாய் எழுவாயாவது இன்னொரு பொருள் என்று பிரிக்கிறார். சாயம் அடுத்த இடறல். அங்கே பெயர்வது நீர்மம்தானா, நீரில் கரைந்த நிறமா, இனி பயன்படாத சேலையா? வெண்ணெயில் பெயர்ச்சிக்கு முன் நிலைமாற்றம் ஒன்று நடக்கிறது. பிரித்துக்கொண்டே போனால் ஏழு சீட்டுக்கு ஏழு பொருள் என்றாகிவிடும். எட்டாவது சீட்டாக மெழுகுவர்த்தியோ மையோ வந்தால் அதற்கும் ஓர் எண் தேவைப்படும். தொழிலில் இருப்போரைச் சேர்ப்பவர் என்றும் பிரிப்பவர் என்றும் இரு வகையாகச் சொல்வதுண்டு. பெரிய வரலாற்று அகராதிகள் இயல்பாகவே பிரிப்பவர்கள் பக்கம் சாய்கின்றன, ஏனெனில் ஒவ்வொரு பிரிவும் எந்த ஆண்டில் முதலில் தோன்றியது என்று காட்டுவதே அவற்றின் நோக்கம். கற்போருக்கான கையகராதிக்கு அந்த நோக்கமும் இல்லை, தாளும் இல்லை.

எங்கே பிரிப்பது என்பதைத் தீர்மானிக்கச் சில சோதனைகள் கைவசம் உண்டு. ஒரே வினையின்மேல் இரு செயப்படுபொருள்களை ஏற்றிப் பார்ப்பது அவற்றுள் பழையது: ஒருவர் ஒரு கடையையும் ஒரு மைலையும் ‘ரன்’ செய்தார் என்று எழுதினால் ஆங்கிலேயர் சிரிப்பார், அந்தச் சிரிப்பே இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதற்குச் சான்று. கடையையும் பள்ளியையும் என்று எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. எதிர்ச்சொல்லைத் தேடுவது இன்னொரு சோதனை: ஓடும் இயந்திரத்துக்கு எதிர் நின்றுபோன இயந்திரம், வழியும் குழாய்க்கு எதிர் அடைத்த குழாய், அரங்கில் ஓடும் நாடகத்துக்கு எதிர் எடுக்கப்பட்டுவிட்ட நாடகம், எதிர்கள் வேறுபடுவதால் பொருள்களும் வேறுபடுகின்றன என்று கொள்ளலாம். ஆனால் இச்சோதனைகளை அளவுக்கு மீறி நம்புவது தவறு. பேருந்து ஓடுகிறது என்பது, சக்கரம் சுழன்று இப்போது சாலையில் செல்கிறது என்றும் பொருள்படும், இந்தத் தடத்தில் நாள்தோறும் சேவை உண்டு என்றும் பொருள்படும். இரண்டையும் ஒரே தொடரில் வைத்தால் சிலர் சிரிப்பர், சிலருக்கு உறுத்தாது. உறுத்தாதவர்களின் செவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் ஆசிரியர் சோதனையைத் தம் வசதிக்கு வளைக்கிறார்.

பிரித்த பின் வரிசைப்படுத்த வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று வரிசையைக் கைக்கொள்வதால், காலால் ஓடுவதும் நீர் ஓடுவதும் முன்னே நிற்க, நீராவியும் மின்சாரமும் கணினியும் கொண்டுவந்த பொருள்கள் பின்னே வருகின்றன. பதிவை மேலிருந்து கீழே படிப்பவர் உடலின் ஓட்டம் இயந்திரத்துக்கும், இயந்திரத்தின் ஓட்டம் நிறுவனத்துக்கும், பின்னர் நிரலுக்கும் கைமாறியதைக் காண்பார். நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி. அதை ‘ரன்’ செய்யும்போது எதுவும் எங்கும் பெயர்வதில்லை, வேலை நடக்கிறது என்ற கூறு மட்டும் எஞ்சி நிற்கிறது. இதற்கு மாறாக, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, தரவகத்தில் கண்ட இன்றைய வழக்கையே அடிப்படையாகக் கொண்டது. விளக்கங்களையும் முழு வாக்கியங்களாக எழுதியது. சொல்லைத் தனியே நிறுத்தி விளக்காமல், அது எந்தச் சொற்களோடு வழக்கமாக வருகிறது என்பதை, அதாவது இணைவழக்கை, விளக்கத்துக்குள்ளேயே கொண்டுவருவதற்கான ஏற்பாடு அது. தரவக வரிகளைப் பார்த்த சின்க்ளேர், ‘செட் இன்’ என்ற தொடர்வினைக்கு எழுவாயாக அழுகல், சிதைவு, தொற்று போன்ற விரும்பத்தகாதவையே பெரும்பாலும் வருவதைக் கண்டார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோர் பல தலைமுறைகளாக அப்படித்தான் வழங்கிவந்தனர். முன்னைய அகராதிகள் ‘தொடங்குதல், நிலைபெறுதல்’ என்று எழுதிக் கடந்திருந்தன. அந்த விளக்கத்தை நம்பி, மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆயிற்று என்று எழுதும் மாணவரிடம் பிழை காண்பது நியாயமன்று, பிழை விளக்கத்தினுடையது.

இருமொழி அகராதியில் கணக்கு மறுபடியும் மாறும், ஏனெனில் அங்கே வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பது மூலமொழி மட்டுமன்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதுபவருக்கு ‘ரன்’ என்பதன் பல பிரிவுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன: மோட்டார் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது என்று தமிழும் ஒரே சொல்லை நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. வேறிடங்களில் அது கைவிடுகிறது. சாலை ஊரைக் கடந்து போகிறது, கடை நடத்தப்படுகிறது, கட்டுரை பத்திரிகையில் வெளியாகிறது, ஆயுதம் எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. தேர்தலில் தமிழர் நிற்கிறார், அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டானியரும் மரபாக நிற்கவே செய்கிறார் என்பதால், இந்தப் பிரிவுக்கு அமெரிக்க வழக்கு என்ற குறிப்பு இல்லாமல் தமிழ் நிகரனைத் தருவது பாதி வேலைதான். தமிழ் வாசகர் பெரும்பாலோர் இச்சொல்லை முதலில் அறிந்தது கிரிக்கெட்டின் பெயர்ச்சொல்லாக. அதற்கு மட்டும் விளக்கம் தேவைப்படுவதில்லை, எழுதாமல் விட்டால்தான் கேள்வி வரும்.

மீதமிருப்பவை தொடர்வினைகள், அதாவது வினையோடு ஒரு சிறு இடைச்சொல் ஒட்டிப் புதுப்பொருள் தருபவை. ‘ரன் டவுன்’ என்பது வண்டி ஆளை மோதித் தள்ளுவதையும், மின்கலம் தீர்ந்துபோவதையும், ஒருவரை இல்லாதபோது இழித்துப் பேசுவதையும், கையிருப்பைப் படிப்படியாகக் குறைப்பதையும், தேடியலைந்து ஒன்றைக் கண்டுபிடிப்பதையும் குறிக்கும். இவற்றை ‘ரன்’ பதிவின் வாலில் தொங்கவிடுவதா, தனித் தலைச்சொல் ஆக்குவதா என்பதில் பதிப்பகங்களிடையே ஒருமை இல்லை. தனியாக்கினால் தாய்ப்பதிவின் எண் சுருங்கும், உள்ளே வைத்தால் பெருகும். மிக நீண்ட பதிவு எது என்ற போட்டியில் இவ்வளவு தற்செயல் உண்டு.

கணினிமொழியியலார் இச்சிக்கலுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தனர். ஒரு தொடரில் வரும் சொல் எந்தப் பொருளில் வந்தது என்று இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டுமானால், முதலில் மனிதர்கள் ஒவ்வொரு தொடருக்கும் பொருள் எண் இட வேண்டும். வேர்ட்நெட்டின் நுண்பிரிவுகளைக் கையில் கொடுத்தபோது, பயிற்சி பெற்ற இருவரே ஒரே தொடருக்கு வேறுவேறு எண் இட்டனர். அகராதித் தொழிலிலேயே பல ஆண்டுகள் இருந்த ஆடம் கில்கரிஃப், சொற்பொருட்பிரிவுகள் என்பவற்றில் தமக்கு நம்பிக்கை இல்லை என்ற தலைப்பிலேயே 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருப்பவை மேற்கோள் தொடர்களும், ஏதோ ஒரு பணியை முன்னிட்டு அவற்றைக் கூட்டங்கூட்டமாகச் சேர்ப்பதும்தான் என்பது அதன் சாரம். பின்னர் வந்த ஆன்டோநோட்ஸ் என்னும் திட்டம் கோட்பாட்டு விவாதத்தை ஒதுக்கிவிட்டு நடைமுறை விதி ஒன்றை வகுத்தது: எண் இடுவோரிடையே 90 விழுக்காடு உடன்பாடு எட்டும்வரை பொருட்பிரிவுகளை ஒன்றோடொன்று சேர்த்து, மீண்டும் எண் இடச் செய்தது. அச்சகராதியின் ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. இரு பிரிவுக்கும் பொதுவாகக் கிடக்கும் சீட்டை ஏதாவது ஒன்றின் கீழ் வைத்தாக வேண்டும், அடுத்த பதிப்பின் ஆசிரியர் அதை எடுத்து மற்றதன் கீழ் வைப்பார்.