ஷேம்ஃபுல்

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம், பெங்களூரில் ஒரு டேபிளை அழித்துத் தொலைத்தேன். டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்தது புரொடக்‌ஷன். பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். டீம் மொத்தத்துக்கும் மன்னிப்பு மெயில் அனுப்பினேன்: 'ஐ ஆம் வெரி ஷேம்ஃபுல்.' பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "எம்பேரஸ்ட்னு போடணும்ப்பா. ஷேம்ஃபுல்னா வெட்கப்படுறது இல்ல, வெட்கக்கேடு."

பர்கூரில் வளர்ந்தவனுக்கு இதற்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. எங்கள் துணிக்கடைகளில் தமிழில் வெட்கம், தெலுங்கில் சிக்கு, கன்னடத்தில் நாச்சிகே, உருதுவில் ஷரம். இங்கிலீஷில்தான் கையிருப்பு இல்லை. அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தேன். எம்பேரஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலத்தில் வழியை மறிப்பது என்று பொருள். மார்டிஃபைட் லத்தீன் வழி வந்தது; அதற்குள் சாவு இருக்கிறது. நாம் 'உசுரே போயிடுச்சு' என்கிறோமே, அதேதான். கிரிஞ்ச் என்பதன் மூலச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வளைவது, போரில் விழுவது என்று அர்த்தம். நாம் கூனிக் குறுகுகிறோம்.

அந்த வருஷ தீபாவளிக்கு முன்னால், பர்கூரில் துணி மலிவாமே என்று டீமில் நாலு பேர் கிளம்பினார்கள். நான்தான் கூட்டிப் போனேன். அப்பா வேலை பார்க்கும் கடையைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர்களாகவே உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

அப்பா கீழே உட்கார்ந்து புடவை விரித்துக்கொண்டிருந்தார். 'ஊர்ல அப்பா பிசினஸ்' என்று நான் ஆபீஸில் சொல்லி வைத்திருந்தேன். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"வாங்க சார், உக்காருங்க."

என்னையும் சேர்த்துத்தான். நானும் உட்கார்ந்தேன். முதலாளியிடம் பேசி எங்களுக்குக் கூடுதலாகத் தள்ளுபடி வாங்கித் தந்தார். பையை என் கையில் கொடுக்கும்போதும் "சார்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் என் பட்டியலை மனசுக்குள் புரட்டினேன். எம்பேரஸ்ட் ஆவதற்கு நாலு பேர் பார்க்க வேண்டும். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மார்டிஃபைட் என்றால் செத்திருக்க வேண்டும். நான் வழியில் நிறுத்தி டீ குடித்தேன். திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே இதைப் பிரித்துவிடுகிறது: தான் செய்த காரியத்துக்குக் கூசுவதுதான் நாணம், பெண்களின் கூச்சம் வேறு. பார்க்கிற கண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அப்பா இன்றுவரை அந்த நாளைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அதற்கான இங்கிலீஷ் வார்த்தை மட்டும் எனக்கு முதலிலேயே கிடைத்திருந்தது. மெயிலில் தப்பாகப் போட்ட அதே வார்த்தை.