போளூர்ப் பூண்டும் விமான நிலைய நாற்காலியும்

கொடைக்கானலில் இருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மலைச்சாலையில் கவுஞ்சியையும் தாண்டிச் சென்றால் போளூர் வரும். படிப்படியாக வெட்டிய நிலம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று குளிர் தேசத்து வெள்ளாமை. காலை பஸ் வரும்போது பனிமூட்டத்தில் முதலில் தெரிவது அதன் விளக்கு மட்டும்தான். மூட்டை எத்தனை இருந்தாலும் கண்டக்டர் ஏற்றிக்கொள்வார். வயதானவர் என்றால் முன் சீட்டில் இடம் கிடைத்துவிடும். பஸ் பழுதாகி நின்றால், ஏன் நின்றது, எப்போது கிளம்பும் என்று டிரைவரே இறங்கி வந்து சொல்வார்.

இந்த ஊரைச் சேர்ந்த ஒரு தம்பதி முதன்முறையாக விமானம் ஏறப் புறப்பட்டார்கள். மும்பையில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியைப் பார்க்க வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு செய்து போட வேண்டும். மருமகன் டிக்கெட் எடுத்து, செல்போனில் அனுப்பிவிட்டார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு இல்லாமல் எப்படி? பெரியவர் சொந்தத் தோட்டத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி வைத்திருந்த மலைப்பூண்டில் தேர்ந்தெடுத்து ஐந்து கிலோ கட்டினார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் கூடுதல். பக்குவமாகக் காயவைத்தால் நெடுநாள் தாங்கும். அந்தம்மா நாலு நாள் உட்கார்ந்து லேகியம் கிண்டி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, உடைந்துவிடக் கூடாதென்று கைப்பையில் சேலைக்கு நடுவே வைத்தார். வழியில் வத்தலக்குண்டில் அந்தம்மாவின் அண்ணன் வீடு. அவர் தன் பங்குக்கு நாலு கிலோ கொப்பரை கொடுத்தார்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைச்சாலை 1916-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து நடந்தோ, டோலியிலோதான் மேலே வர வேண்டும். இப்போது பெருமாள்மலை, டம்டம் பாறை என்று வளைந்து வளைந்து இறங்கினால் எதிரே தலையாறு அருவி வெள்ளைக் கயிறு போலத் தொங்கும். பெரியவர் அதைக் காட்டி, "பிளேன்ல இருந்து பார்த்தா இது தெரியுமா?" என்று கேட்டார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மாப்ளே" என்றார் கூட வந்த மச்சினர்.

சமவெளியில் உள்ள அந்த விமான நிலையத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. கிராமத்தில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் என்றால் பளிங்குத் தரை, குளிர்பதனம், சிரித்த முகம் என்று ஒரு நினைப்பு. அங்கே போனால் முதல் ஏமாற்றம் வாசலிலேயே காத்திருந்தது. டிக்கெட் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று மச்சினரைக் காவலர் நிறுத்திவிட்டார். படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

உள்ளே பாதி நாற்காலிகளில் உறை கிழிந்து பஞ்சு தெரிந்தது. கூரைப் பலகை ஒன்று ஈரத்தில் ஊறித் தொங்கியது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. கழிப்பறைக்குப் போன அந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏங்க, நம்ம பஸ் ஸ்டாண்டே தேவல போல" என்றார்.

பெட்டியை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் இங்கிலீஷிலும் இந்தியிலும் மூன்று முறை பெரியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது தன் பெயர்தான் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் ஓர் ஊழியர் தேடி வந்து அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொப்பரை முழுவதும் வெளியே போனது. அடுத்து, பாதுகாப்புச் சோதனையில் லேகிய பாட்டில் மாட்டியது. "கைப்பையில் இது போகாது" என்றார்கள். பெட்டியில் போடலாமா என்று கேட்டால், பெட்டி விமானத்துக்குப் போய்விட்டது. வெளியே நிற்கும் அண்ணனிடம் கொடுக்கலாம் என்றால், அவர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். நாலு நாள் கிண்டிய லேகியம் குப்பைத் தொட்டிக்குள் போனதை அந்தம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு விமானம் மூன்றரை மணி நேரம் தாமதம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. டீ விலையைக் கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள்.

இதில் எது நியாயமான குறை, எது குறையில்லை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. கொப்பரையை எடுத்தது தப்பில்லை. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம். சூடேறினால் தானாகவே தீப்பற்றக்கூடிய பொருள் வரிசையில் உலகமெங்கும் அதை வைத்திருக்கிறார்கள். கைப்பையிலும் பெட்டியிலும் அதற்கு அனுமதி இல்லை. சோதனையே கூடாது என்று மலை விவசாயி சொல்லவும் முடியாது. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் கொடைக்கானல் மலையிலும் அது இருப்பது தெரிந்தது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரு பிடி மண் ஒட்டிய கிழங்கு போதும், ஒரு மலையின் வெள்ளாமையையே கெடுக்க. வெளிநாட்டில் இருந்து விதை, செடி, கிழங்கு கொண்டு வருவோரை விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பது இதற்காகத்தான். சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014-ல் தடை வந்ததும் பூஞ்சை நோய்ப் பயத்தால்தான்.

ஆனால், எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று வாசலிலேயே தமிழில் பெரிதாக எழுதி வைத்திருந்தால் அந்த லேகியம் பெட்டிக்குள் பத்திரமாகப் போயிருக்கும். கிழிந்த நாற்காலி, வறண்ட குழாய், நாறும் கழிப்பறை, காரணம் சொல்லாத தாமதம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது. இந்தக் குறை சின்ன ஊர்களில் மட்டும் என்றும் இல்லை. 2013-ல் திறந்த சென்னை விமான நிலையப் புதுக் கட்டடத்தில் கண்ணாடிகளும் கூரைப் பலகைகளும் எத்தனையோ முறை உடைந்து விழுந்து செய்தியாயின. கட்டுவது ஒரு வேலை என்றால் பராமரிப்பது தினசரி வேலை. கிணறு வெட்டிவிட்டுத் தூர் வாராத கதைதான் இது.

கேட்டால் மாறும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டீ, தண்ணீர் விலை பற்றிப் பயணிகள் தொடர்ந்து குறை சொன்னதால், 10 ரூபாய்க்கு டீயும் 10 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டிலும் தரும் 'உடான் யாத்ரி கஃபே' 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்திலும் தொடங்கப்பட்டது.

விமானம் ஏறப்போகும் குடும்பங்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை. உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கூடினால் தனிக் கட்டணம். நெய், ஊறுகாய், லேகியம், எண்ணெய் ஆகியவற்றைக் கசியாமல் கட்டிப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். கத்தி, அரிவாள்மனையும் பெட்டியில்தான். கொப்பரை வேண்டவே வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடலாம். பயண நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்கு வந்த பயணிக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ விமான நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். இது சலுகையில்லை, விதி. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ, முழுப் பணமோ கேட்கலாம். குறைகளை மத்திய அரசின் 'ஏர்சேவா' செயலியில் பதியலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இதைச் செய்துகொடுக்கலாம்.

போளூர் தம்பதிக்கு இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. புளிசாதத்தோடு பொழுதைக் கழித்துவிட்டு நள்ளிரவில் மும்பை போய்ச் சேர்ந்தார்கள். பூண்டு மட்டும் ஒரு பல் குறையாமல் வந்திருந்தது. மறுநாள் காலை அந்தம்மா அதை உரித்து மகளுக்குக் குழம்பு வைத்தார். லேகியத்துக்கு வேண்டிய சாமான்களை மருமகன் கடைகடையாகத் தேடி வாங்கி வந்தார்.

திரும்பி வந்தபோது கவுஞ்சி தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. "பிளேன்ல இருந்து அருவி தெரிஞ்சுதா?" என்று பஸ்ஸில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். "ராத்திரியில என்னத்தத் தெரியும்" என்ற பெரியவர், "நீ போறதா இருந்தா போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ" என்றார்.