தள்ளாம வந்தா வண்டி உனக்கு!

புல்லட்டா, யெஸ்டியான்னு கேன்டீன்ல டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை போட்டிருக்கீங்களா? அப்போ போன மாசம் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க எங்களோட கல்லணை ரோட்டுல இருந்திருக்கணும் பாஸ்!

மேட்டர் இதுதான். என் ஸ்ரீரங்கத்து நண்பனின் அப்பா இறந்து இரண்டு மாசம். அவருடைய யெஸ்டி 250 வாசலிலேயே நிற்கிறது. விலைக்குக் கேட்டு ஆள் வந்தாச்சு. "விக்காதீங்கம்மா" என்று இவன் கெஞ்ச, அம்மா போட்டார் ஒரு கண்டிஷன். "உங்கப்பா இதைத் தள்ளின தூரம் எனக்குத்தான் தெரியும். கல்லணைக்குப் போயிட்டு, தள்ளாம திரும்பி வா. வந்தா வண்டி உனக்கு!"

துணைக்கு நான், என் மாமாவின் பழைய புல்லட் 350-யோடு. காலை ஆறு மணிக்குக் காவிரிப் பாலம் தாண்டி, 236 அடி ராஜகோபுரத்துக்கு முன்னால் ஆஜர்!

புல்லட்டைக் கிளப்புவதே ஒரு பூஜை. கிக்கரை மெதுவா அமுக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும், டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, அப்புறம் ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். கிளாஸ்ல மூணு செமஸ்டரா புரியாத டி.டி.சி., கெண்டைக்கால் வீங்கினதும் புரிஞ்சுது! யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர். ஒரே உதையில் இரண்டு சைலன்ஸரும் பாட ஆரம்பிச்சுடுச்சு.

திருவானைக்காவல் தாண்டினால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 15 கிலோமீட்டர். வாழைத்தோட்டம், தென்னை, குறுகலான ரோடு. புல்லட்டின் 346 சி.சி. சிங்கிள் சிலிண்டர் டாப் கியரிலேயே நிதானமா இழுக்குது. யெஸ்டி துள்ளுது. ஆனா டூ-ஸ்ட்ரோக் ஆச்சே... பெட்ரோலோட ஆயிலையும் நாமே அளந்து ஊத்தணும். மறந்தால் பிஸ்டன் ஜாம்!

பாதி வழியில் வண்டியை மாத்திக்கிட்டோம். தப்பு! பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். யெஸ்டியில் தலைகீழ். ஒரு ஆடு குறுக்கே வர, நான் பழக்கதோஷத்தில் இடது காலை அமுக்க... அது கியர் லீவர். யெஸ்டியில் அதை அமுக்கினாலே கிளட்ச் தானா விட்டுடும். வண்டி நிக்கறதுக்குப் பதில் ஃப்ரீயா ஓடுச்சு. முன் பிரேக் காப்பாத்திச்சு. ஆடு பிழைச்சுது, நானும்தான்!

கல்லணையில் கரிகாலனுக்கு ஒரு கும்பிடு. திரும்பக் கிளம்பும்போது யெஸ்டியின் கிளட்ச் கேபிள் 'பட்'! நண்பன் முகத்தைப் பார்க்கணுமே... புல்லட் கேபிள்னா எந்த ஊர்லயும் கிடைக்கும். மைசூரில் யெஸ்டி ஆலை மூடினது 1996-ல். 2022-ல் அதே பேரில் புது வண்டி வந்திருக்கு. ஆனா அந்த பார்ட்ஸ் இதுக்குச் சேராது.

அப்போதான் ஆடு ஞாபகம் வந்துச்சு. கிளட்ச்சை லீவரே விடுவிக்கும்னா, கேபிள் எதுக்கு? முதல் கியரை அமுக்கிப் பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, காலை மெல்ல மெல்ல எடுத்தான். வண்டி நகர்ந்துச்சு! அப்படியே ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்து சேர்ந்தான்.

எது பெஸ்ட்? கையில கொஞ்சம் காசு, பார்ட்ஸ் கடை கவலை வேண்டாம்னா புல்லட். தேடி அலையப் பொறுமையும், யெஸ்டி தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணனும் இருந்தால் யெஸ்டி. எதுவானாலும் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். வண்டிக்காரர் இறந்துட்டா, மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 கொடுத்துப் பேர் மாத்தணும்.

வாசலிலேயே அம்மா. "எங்கேர்ந்துடா தள்ளிட்டு வரே?"

"ஓட்டிட்டுதாம்மா வந்தேன்."

கருகருன்னு இருந்த அவன் கையைப் பார்த்தார். அப்பா கையும் அப்படித்தான் இருக்குமாம். கொஞ்ச நேரம் எதுவுமே பேசலை.

"சரி, நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கிளம்பு. இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு!"