சடங்கு நூலும் சந்தாப் பேரேடும்

அமெரிக்காவின் மத்திய மேற்குக் கிராமங்களில் இயங்கிய சகோதரச் சங்கங்களின் பழைய தாள்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சடங்கு நூலைத்தான். கோடரிச் சின்னம், கடவுச்சொல், புதியவரைச் சேர்த்துக்கொள்ளும் இரவின் சடங்குகள் என்று எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள். அந்த நூல் அச்சாகி ஊர் ஊராகப் போனது. இன்னொரு பிரதி எங்காவது கிடைத்துவிடும். ஒரு கிளையின் சந்தாப் பேரேடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நான் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

நான் அதிகம் கையாண்டவை 'மாடர்ன் உட்மென் ஆஃப் அமெரிக்கா' கிளைகளின் தாள்கள். 1883இல் அயோவா மாநிலத்தின் லயன்ஸ் ஊரில் ஜோசப் கல்லன் ரூட் தொடங்கிய சங்கம் அது. கிளைக்குக் 'கேம்ப்' என்று பெயர். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். அன்றைய சிறு விவசாயிக்கு அது நிலம் கைவிட்டுப் போகாமல் காக்கும் தொகை. அதற்கென்று பெரிய மூலதனம் எதையும் சேர்த்து வைக்கவில்லை. சாவுகள் நேர நேர, உயிரோடு இருப்பவர்களிடம் பங்கு வாங்கிக் கொடுத்தார்கள். வசூல் அறிவிப்பு தலைமையகத்திலிருந்து வரும். கிளைச் செயலாளர் பணத்தை வாங்கிப் பேரேட்டில் பதிந்து, ரசீது கிழித்துக் கொடுத்து, அடிக்கட்டையை வைத்துக்கொள்வார். கெடு தாண்டியும் கட்டாதவரின் உறுப்புரிமை நின்றுபோகும். அந்த இடைவெளியில் அவர் இறந்தால் மனைவிக்கு ஒன்றும் இல்லை.

வசூல் கெடு அறுவடைக்காகக் காத்திருக்காது. விவசாயியின் கையில் காசு புரள்வதோ அறுவடை முடிந்த பிறகுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளை என்ன செய்தது என்பதைப் பேரேடு மட்டும் சொல்லாது. அதில் 'செலுத்தப்பட்டது' என்ற குறிதான் இருக்கும். அதே தேதியில் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால், நோயில் படுத்திருக்கும் சகோதரரின் பங்கைக் கிளையின் பொது நிதியிலிருந்து கட்டுவது என்று ஒரு வரித் தீர்மானம் இருக்கும். ரசீதுக் கட்டில் அந்த எண்ணுக்குரிய ரசீது கிழிபடாமல் அடிக்கட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; வாங்கிப் போக அவர் வரவில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஊர் தன் ஆளை எப்படித் தாங்கியது என்பது தெரிகிறது. சில பக்கங்களில் அப்படி ஒரு தீர்மானமும் இருக்காது. பெயருக்கு எதிரே 'நிறுத்தம்' என்று எழுதி, கோடு இழுத்திருப்பார்கள். ஒருவரைத் தாங்கி இன்னொருவரை விட்டது ஏன் என்று குறிப்பேடு பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த இரண்டு பெயர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வசதியை வாசகருக்குக் கொடுப்பது என் வேலை.

அதனால்தான், ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அடிக்கட்டைகளைக் கழித்துவிடுவதை நான் ஒப்புவதில்லை. செயலாளர் கட்டி வைத்த வரிசையை, அது எவ்வளவு குழப்பமாகத் தெரிந்தாலும், முதலில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் தொடுவேன். துருப்பிடித்த குண்டூசிகளை எடுக்கும்போதும் எந்தத் தாள் எதோடு குத்தியிருந்தது என்று குறித்துக்கொள்வேன். தோல் அட்டை சிவப்புப் பொடியாக உதிரும்; இரும்பு மை எழுதிய இடத்தையே அரித்துத் துளை போட்டிருக்கும். பாதி நாட்கள் இந்த வேலையிலேயே போய்விடுகின்றன. தாளின் நிலை அறிந்து நிதானமாகச் செய்தால் போதும், கெட்டிக்காரத்தனம் தேவையில்லை.

பேரேட்டில் வரவே முடியாதவர்களையும் மறக்கக் கூடாது. சங்கத்தின் தொடக்ககால விதிகள் வெள்ளையின ஆண்களை மட்டுமே சேர்த்தன. பெருநகரங்களை ஒதுக்கின. சுரங்கத் தொழிலாளி, வெடிமருந்து ஆலைத் தொழிலாளி, மதுக்கடைக்காரர் போன்றோருக்கும் இடமில்லை. சாவு குறைவாக இருந்தால் பங்கும் குறைவாக இருக்கும் என்ற கணக்கு தொழில்களை விலக்கியதில் இருக்கிறது. நிறத்தை வைத்து விலக்கியதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. இந்தத் தாள்களுக்கான பட்டியலின் முன்னுரையில் நான் இதை மழுப்பாமல் எழுதுகிறேன். உள்ளே இருந்தவர்களின் பாசத்தை மட்டும் காட்டினால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

சாவு குறைந்தால் பங்கும் குறையும் என்ற அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. உறுப்பினர்களுக்கு வயதாக ஆக, மலிவான கட்டணம் போதவில்லை. 1912இல் தலைமை கட்டணத்தை உயர்த்த முடிவெடுத்ததும் எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தக் காலத்துக் குறிப்பேடுகளைத் திறக்கும்போது, அதுவரை இரண்டு வரியில் முடிந்த கூட்டங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றனவா என்றுதான் பார்ப்பேன். பல ஆண்டுகளாகப் பணம் கட்டிய கிழவர்கள் பேசத் தொடங்கும் இடம் அது.

எனக்கு இன்றும் கடினமாக இருப்பது மருத்துவ விண்ணப்பங்கள்தான். சங்கத்தில் சேர வந்தவரிடம், பெற்றோர் எந்த நோயில் இறந்தார்கள், குடும்பத்தில் காசநோய் உண்டா, மனநோய் உண்டா என்று மருத்துவர் கேட்டு எழுதியவை. காசநோய் அவர்களுக்கு வெறும் கேள்வியாக இருக்கவில்லை. 1909இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே உறுப்பினர்களுக்கென்று இலவசக் காசநோய் மருத்துவமனையையே சங்கம் திறந்தது. வரலாற்றாளருக்கு அரிய தகவல்கள்தாம். ஆனால் அதே குடும்பப் பெயர்கள் அதே மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றன. பேரேட்டையும் குறிப்பேட்டையும் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறேன். விண்ணப்பங்களைத் தனி உறையில் வைத்து, அவை இருந்த இடத்தில் ஒரு சீட்டுச் செருகியிருக்கிறேன். ஆய்வாளர்கள் பெயரை வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்; வாரிசுகள் வந்தால் அவர்களின் குடும்பத் தாளை மட்டும் தருகிறேன்.