ஒரு லிட்டர் ஆயிலின் வேலை

செவ்வாய்

கடை சாத்துகிற நேரத்தில் ஸ்பிளெண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஒரு தம்பி. சாப்பாடு டெலிவரி செய்கிறவர்; பை இன்னும் முதுகிலேயே இருந்தது. "மாட்டுத்தாவணிகிட்ட ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிடிச்சு நின்னுருச்சுண்ணே" என்றார். கிக்கர் இறங்கவே இல்லை. நன்றாக ஆறவிட்ட பிறகு மெல்ல இறங்கியது, கூடவே உள்ளே ஓர் உரசல். டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா இறக்கி எடுத்தேன். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "மீட்டர் கேபிள் அறுந்துபோச்சுண்ணே, கிலோமீட்டர் தெரியல. நடுவுல ஒருதடவை கால் லிட்டர் வாங்கி ஊத்தினேன்."

புதன்

டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வடிந்தது ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூடுதல். நிறம் கறுப்பு. கறுப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். கரியைக் கட்டியாக விடாமல் தன்னோடு மிதக்கவைக்கத்தான் ஆயிலில் மருந்து சேர்க்கிறார்கள், நல்ல ஆயிலும் ஓட ஓடக் கறுக்கும். ஆனால் இதை இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பே இல்லை, நெருநெருவென்றது.

வலப்பக்க கவரைத் திறந்தேன். கார்களில் இருக்கிற பேப்பர் ஃபில்டர் இந்த எஞ்சினில் கிடையாது. கிராங்க் முனையில் ஒரு ரோட்டர் இருக்கும். அது சுற்றுகிற வேகத்தில் ஆயிலில் உள்ள பொடியும் கசடும் விளிம்புக்கு ஒதுங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மூடியை எடுத்தால் உள்சுவர் முழுக்க அல்வா பதத்தில் சேறு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட, சுருள் சுருளாக வந்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தேன், மினுமினுத்தது. கிளட்ச் பிளேட்டின் பொடியோடு அலுமினியமும் கலந்திருக்கிறது. கீழே ஆயில் பம்புக்குப் போகிற வலையும் முக்கால்வாசி அடைப்பு.

பம்பிலிருந்து ஆயில் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் மேலே இருக்கிற கேம். வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். கேமின் மேட்டில் நகத்தை ஓட்டினால் வரிகள் தட்டுப்பட்டன. ராக்கர் ஆர்மின் முகம் குழிந்திருந்தது. பிளாக்கைத் தூக்கியதும் மீதிக் கதையும் தெரிந்துவிட்டது. ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தில் கரி இறுகி, ரிங் அசையவே இல்லை. ரிங் சிக்கினால் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலை வழித்துக் கீழே அனுப்ப முடியாது. அது மேலே ஏறிப் பெட்ரோலோடு எரியும். சைலன்சரில் நீலப் புகை வந்திருக்கும். ஆயில் குறையக் குறைய மிச்சமிருப்பது கூடுதலாகச் சுடும், சீக்கிரம் கெடும், இன்னும் கரி சேரும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டர் போரைக் கவ்விக்கொண்டது. கால் லிட்டர் மேலே ஊற்றியதால் அளவு கொஞ்ச நாள் சரியாகத் தெரிந்திருக்கும். உள்ளே இருந்த அழுக்கு அப்படியேதான் இருந்தது.

வியாழன்

கேபிள் நன்றாக இருந்திருந்தாலும் அந்த மீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கும் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைகள் ஹோட்டல் வாசலிலும் சிக்னலிலும் வண்டியை அணைக்காமலே நிற்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறது, கிலோமீட்டர் ஏறுவதில்லை. காற்று பட்டால்தான் ஆறுகிற எஞ்சின், நின்றால் சுடுகிறது. அதுவும் மதுரையில், சித்திரை வெயிலில். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் கெடுகிற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. காரில் எஞ்சினுக்குத் தனி ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். இங்கே பிஸ்டனுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் சேர்த்து அந்த ஒரு லிட்டர்தான். கியர் பற்களுக்கு இடையில் நசுங்கி நசுங்கியே அதன் கெட்டித்தன்மை போய்விடும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரை டெலிவரி வண்டிகளுக்கு நான் சொல்வதில்லை. 2,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு மாதம், எது முந்துகிறதோ அது.

வெள்ளி

இளநீர்க்காரர் ஒருவர் எக்ஸ்எல் 100-ஐக் கொண்டுவந்தார். டேப்பட் சத்தம். ஆயில் கேஜைக் காட்டினேன். "எங்க பழைய டிவிஎஸ் 50-க்கு இதெல்லாம் பார்த்ததே இல்லையே தம்பி" என்றார். அவர் சொல்வது சரி. பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து போகும், எரிந்து வெளியேறும். பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும் பிஸ்டனுக்குப் புது ஆயில். 2015-இல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. பார்க்கப் பழைய வண்டியின் சாயல், உள்ளே வேறு எஞ்சின். அதைப் பொறுமையாக உட்கார்ந்து அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. அக்கறையில்லாதவர்கள் என்று இவர்களைப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் இளநீர்க் குலைகளை வண்டியில் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தாலே தெரியும். நல்லவேளை, டேப்பட் சரிசெய்து ஆயில் மாற்றியதோடு வேலை முடிந்தது.

சனி

லேத்திலிருந்து ஸ்பிளெண்டரின் பிளாக் வந்தது. போர் அடித்து, 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். புது ரிங், கேம், ராக்கர். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. இருந்திருந்தால் எஞ்சினை முழுதாகப் பிளந்து, கிராங்கை பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், செலவும் இரட்டித்திருக்கும். இப்போதே ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு லிட்டர் ஆயில் நானூற்றுச் சொச்சம். இத்தனை நாளும் வண்டி இல்லாமல் போன சம்பாத்தியம் இந்த பில்லில் வராது. அந்தத் தம்பியின் வீட்டில் வரும்.

மீட்டர் கேபிளும் புதிதாக மாட்டினேன். 500 கிலோமீட்டரில் கட்டாயம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். புது ரிங்கும் போரும் உரசிப் பழகும்போது விழுகிற பொடியை வடித்துவிட வேண்டும். அதுவரை அதிகம் முறுக்கக் கூடாது என்றதும் முகம் வாடிவிட்டது. "ஆர்டர் லேட்டாகிடுமேண்ணே."

தூரத்து ஆர்டரை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள் என்றேன். அடுத்த ஆயிலுக்குக் கூலி வேண்டாம், ஆயிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டேன்.