இரைந்தது தந்தி, தவறியது யார்?



வழக்கமாக வலிமிகும் இடங்களைப் பற்றியோ மாணவரின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியோ எழுதும் இப்பக்கத்தில், இன்று ஒரு பேஸ் கித்தாரைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதனால் என்ன பயன் என்று கடந்து சென்றுவிட வேண்டா. அந்தக் கித்தார் எனக்குக் கற்பித்த பாடம் வகுப்பறைக்கும் உரியது, வீட்டுக்கும் உரியது.

ஆசிரியப் பணிக்கு வருமுன் சில ஆண்டுகள், திருமண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இசை படைக்கும் குழுவொன்றில் நான் பேஸ் கித்தார் வாசித்தவன். ஆதலால், இரண்டாம் படிவத்தில் பயிலும் என் மகன் அதே கருவியை விரும்பியபோது உள்ளம் குளிர்ந்தேன். தீபாவளி அங்பாவ் பணத்தை ஈராண்டு சேர்த்து, உதிரிப் பாகங்களாக வரும் ஒரு கித்தாரை அவன் வாங்கினான். உடற்பலகை, கழுத்து, பிக்கப், திருகாணிகள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. பள்ளி விடுமுறை முழுவதும் வீட்டின் பின்புறம் அமர்ந்து மரத்தைத் தேய்த்தான், வண்ணம் பூசினான், மின்கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்தான்.

நான்கு தந்திகளையும் பூட்டி அவன் மீட்டிய மாலையில் இசை எழவில்லை, இரைச்சல்தான் எழுந்தது. தந்திகள் மெட்டுகளில் மோதி, தகரத்தில் வண்டு அடைபட்டதுபோல் இரைந்தன. (வீணையில் குறுக்கே பதித்திருக்கும் மெட்டுகளை அறிவீர்கள், கித்தாரின் விரற்பலகையிலும் அவ்வாறே உலோக மெட்டுகள் உண்டு.)

"தந்தியை அழுத்திப் பிடிக்க உனக்குத் தெரியவில்லை," என்றேன். பிறகு, அனுபவசாலி என்னும் மிதப்பில், பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடல்களின் திருகாணிகளைத் திருகித் தந்திகளை உயர்த்திவிட்டேன். இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. மகனோ, "இன்னும் சரியில்லையப்பா, விரல் வலிக்கிறது, சுருதியும் சேரவில்லை," என்றான். "கித்தார் சரியாகிவிட்டது. உன் கைதான் சரியில்லை," என்று சொல்லி எழுந்து போனேன்.

மறுநாள் கித்தார் அலமாரியின் பின்னால் போயிற்று. மூன்று வாரங்கள் அவன் அதைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருநாள் அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அதை எடுத்து வாசித்துப் பார்த்தேன். நாணமாயிற்று. தந்திகள் அவ்வளவு உயரத்தில் இருந்தன. விரலால் அழுத்தும்போது ஒவ்வொரு தந்தியும் கூடுதலாக இழுபட்டு, சுருதி ஏறிற்று. அவன் கை சரியாகவே இருந்திருக்கிறது. நான் நோயைத் தீர்க்கவில்லை; நோயின் குரலை மட்டும் அடக்கியிருந்தேன்.

அந்த வார இறுதியில், பழைய இசைக்குழுவில் என்னோடு இருந்த அண்ணன் ஒருவர் வீட்டுக்கு மகனை அழைத்துச் சென்றேன். அவர் கித்தார்களைப் பழுதுபார்ப்பவர். கருவியைக் கையில் வாங்குமுன் அவர் மகனைப் பார்த்து, "எந்தத் தந்தி, எந்த மெட்டில் இரைகிறது, தம்பி?" என்று கேட்டார்.

மகன் பையிலிருந்து பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் கட்டம் போட்ட அட்டவணை. நான்கு தந்திகள், இருபது மெட்டுகள். இரைந்த இடங்களிலெல்லாம் சிவப்புப் புள்ளி. தந்தி பூட்டிய அன்றே எழுதி வைத்திருக்கிறான். நான் ஒருமுறைகூட அவனைக் கேட்கவில்லை.

"வாத்தியாரே, பாதி வேலையைப் பையன் முடித்துவிட்டான்," என்றார் அண்ணன்.

அதன்பின் அவர் செய்த ஒவ்வொன்றும் முறையானது. முதலில் கழுத்து. ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினார். அப்போது தந்தியே ஓர் அளவுகோலாகிறது. ஏழாம், எட்டாம் மெட்டுகளின் அருகே தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இங்கே சிறிதும் இல்லை. அதிரும் தந்தி நடுப்பகுதியில்தான் அகலமாக ஆடும். அது ஆட இடம் தரக் கழுத்து மிகச் சிறிதளவு முன்வளைந்திருக்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் விசையை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தினுள் 'டிரஸ் ராட்' என்னும் இரும்புத் தண்டு ஓடுகிறது. கழுத்து கோடு போட்டதுபோல் நேராக இருக்க வேண்டும் என்று எண்ணி மகன் அதை இறுக முடுக்கியிருந்தான். முதல் ஐந்து மெட்டுகளில் எல்லாத் தந்திகளும் இரைந்ததற்கு அதுவே காரணம்.

அண்ணன் அத்தண்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, தந்திகளை மீண்டும் சுருதி கூட்டி, "நாளைக்கு வாருங்கள். மரம் தன் இடத்தில் அமர வேண்டும்," என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் நான் உயர்த்தியிருந்த சேடல்களைத் தாழ்த்தி, பதினேழாம் மெட்டின் மேல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரம் இருக்குமாறு அமைத்தார். முதல் ஐந்து மெட்டுகளில் இப்போது இரைச்சல் இல்லை. ஆனால், தடித்த நான்காம் தந்தியை எதிலும் அழுத்தாமல் மீட்டினால் இன்னும் இரைந்தது; முதல் மெட்டில் அழுத்தியதும் நின்றது. அழுத்தாதபோது மட்டும் எழும் குறை, தலைப்பக்கத்தில் தந்தி படியும் 'நட்' என்னும் சிறு துண்டைச் சேர்ந்தது. "அந்தப் பள்ளத்தை நான்தான் அரத்தால் ஆழமாக்கிவிட்டேன்," என்றான் மகன், கேட்காமலேயே. புதிய நட் பொருத்தப்பட்டது.

மெல்லிய முதல் தந்தி ஒன்பதாம் மெட்டில் மட்டும் இரைந்தது. ஒன்பதில் அழுத்தினால் இரைகிறது என்றால் குற்றம் ஒன்பதுடையது அன்று. அடுத்துள்ள பத்தாம் மெட்டு உயர்ந்திருக்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று மெட்டுகளின் மேல் சிறிய எஃகு அளவுகோலை வைத்தபோது அது ஊஞ்சல்போல் ஆடிற்று. மேலெழுந்திருந்த பத்தாம் மெட்டைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒரு சொட்டுப் பசையிட்டு அமர்த்தினார்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே சுருதியைப் பார்த்தார். பெரும்பாலான பேஸ் கித்தார்களில் நட்டிலிருந்து சேடல் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு அதன் நடுவில் இருக்கிறது. அவ்விடத்தில் தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டும் ஒலியும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் சேடலைப் பின்னுக்கும், குறைவாக ஒலித்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். தந்தியின் உயரம் மாறினால் இக்கணக்கும் மாறிவிடும். ஆகவேதான் இது கடைசியில் வருகிறது. எல்லாவற்றுக்கும் முதலில் உயரத்தில் கை வைத்தவன் நான்!

ஒலிபெருக்கியில் 'உம்' என்ற ஓசையும் இருந்தது. தந்தியைத் தொட்டாலும் அது குறையவில்லை. இணைப்புத் துளையின் உலோகத்தைத் தொட்டதும் குறைந்தது. பிரிட்ஜுக்குச் செல்ல வேண்டிய நிலக்கம்பி சேரவில்லை என்பது அதன் பொருள். பிரிட்ஜைக் கழற்றினோம். கம்பி இருந்தது, பூசிய வண்ணத்துக்குள் புதைந்திருந்தது. சுரண்டி உலோகம் படச் செய்ததும் ஓசை தணிந்தது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. முதல் தந்தியில் ஆறாம் மெட்டின் ஒலி மற்றவற்றைவிட விரைவில் அடங்கிவிடுகிறது. "அது பழுதன்று. அந்த ஒலியோடு கழுத்து மரமும் சேர்ந்து அதிர்ந்து அதன் வலிமையை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு திருகினாலும் போகாது. தம்பி, அந்த ஒலி வேண்டும்போது அடுத்த தந்தியில் பதினோராம் மெட்டில் வாசி," என்றார் அண்ணன்.

வீடு திரும்பும் வழியில், "அன்று நான் சொன்னது தவறு. உன் கையில் குறையில்லை," என்றேன். அவன் சாலையைப் பார்த்தவாறே, "சரிப்பா," என்றான். சற்றுப் பொறுத்து, "நட் என் தவறுதான்," என்றான். அவ்வளவே பேசினோம்.

ஆசிரிய நண்பர்களே, அன்றிரவு எனக்கு என் மூன்றாம் ஆண்டு வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கணிதத்தில் பிரச்சனைக் கணக்குகளைத் தொடர்ந்து தவறாகச் செய்தவன். அவனுடைய ஏட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதி, பெருக்கல் வாய்பாட்டைப் பலமுறை எழுத வைத்திருந்தேன். திங்கட்கிழமை அவனை அருகில் அமர்த்தி, கணக்கைச் செய்யச் சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். 'மீதம்', 'பகிர்ந்தளித்தான்' ஆகிய சொற்களில் அவன் தடுமாறி நின்றான். பொருள் கேட்டேன், தெரியவில்லை. வாய்பாட்டில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயும் நான் சேடலைத்தான் உயர்த்திக்கொண்டிருந்தேன்.

குறைநீக்கல் போதனை என்று நாள்பாடத்திட்டத்தில் தவறாமல் எழுதுகிறோம். எக்குறையை நீக்குகிறோம் என்று அறிந்த பின்புதான் எழுதுகிறோமா? பெற்றோரே, நம் பிள்ளையும் எங்கோ ஒரு பயிற்சிப் புத்தகத்தில் சிவப்புப் புள்ளிகளை இட்டு வைத்திருக்கக்கூடும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் கித்தார் ஒலிக்கிறது. ஆறாம் மெட்டு வரும் இடத்தில் அவன் விரல் தானாகவே அடுத்த தந்திக்குத் தாவுகிறது.