பிடிக்காத க்ளட்ச்சும் விடாத க்ளட்ச்சும்

பி.காம். படிச்சவனுக்கும் க்ளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா, 2018 பிப்ரவரி வரைக்கும் ஒண்ணுமே இல்லை. நான் ஓட்டுறது கியர் இல்லாத ஸ்கூட்டர். இதை எழுத வேண்டி வந்ததுக்குக் காரணம் என் கஸ்டமர் ஒருத்தர். அவர் பேர் வேண்டாம். ஊர்ல எல்லாரும் கூப்பிடுற மாதிரி நானும் 'பாவு'ன்னே கூப்பிடுவேன்.

அப்போ எனக்கு நாக்பூருக்குப் பக்கத்துல காட்டோல்ல போஸ்டிங். சுத்தி எங்க பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டம். பாவுகிட்ட 2006 மாடல் டீசல் பிக்கப் ஒண்ணு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, கடன் எங்க பேங்க். தோட்டத்துல இருந்து பழத்தை ஏத்திக்கிட்டு நாக்பூர் களம்னா மார்க்கெட்ல இறக்குறதுதான் பிழைப்பு.

2017 அக்டோபர்ல பாவு என் டேபிளுக்கு வந்தார். "சாஹேப், மேடு ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. கருகுற நாத்தம் வேற. க்ளட்ச் மாத்தணும். இந்த மாசத் தவணையை அடுத்த மாசம் சேர்த்துக் கட்டட்டுமா?"னு கேட்டார். நான் கம்ப்யூட்டர்ல இருந்து தலையைக்கூடத் தூக்கல. "மொதல்ல தவணை, அப்புறம் ரிப்பேர்"னு சொல்லிட்டேன். அவரும் அக்டோபர் கட்டினார், நவம்பர் கட்டினார். நவம்பர் கடைசியில நடுரோட்டுல வண்டி நின்னுருச்சு.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரின்னு மூணு தவணை நின்னு போச்சு. டிசம்பர் 5 தவணைக்கு 90 நாள் தாண்டிட்டா கணக்கு வாராக்கடன். மார்ச் மாசம் வேற. ரீஜினல் ஆபீஸ்ல இருந்து தினம் ஒரு போன். பிப்ரவரி நடுவுல பாவு மறுபடி வந்தார். அங்க இங்க பணம் புரட்டி ப்ளேட், ப்ரஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங்னு எல்லாம் புதுசா மாட்டியாச்சாம். ஆனா கியர் விழலையாம். ஒர்க்‌ஷாப்காரர் கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்றாராம். அதுக்கு இன்னொரு முப்பதாயிரம் கடன் வேணுமாம்.

கடனுக்கு ஈடா இருக்கிற வண்டியைப் பார்க்காம எப்படிக் கொடுக்கிறது? சனிக்கிழமை மதியம் நேர்லயே போயிட்டேன். பாவு வேற ஒரு பழைய மெக்கானிக்கையும் கூட்டிட்டு வந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். எல்லாருக்கும் அவர் 'சாச்சா'.

சாச்சா ஸ்பேனரைத் தொடவே இல்லை. மொதல்ல என்ஜினை ஆஃப் பண்ணிட்டு கியரைப் போட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ரிவர்ஸ் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டா 'கர்ர்ர்'னு பல்லைக் கடிக்கிற சத்தம். "பாக்ஸ் நல்லா இருக்கு. க்ளட்ச் விட மாட்டேங்குது"ன்னார்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, க்ளட்ச்சுக்கு ரெண்டு வியாதி உண்டுன்னு. ஒண்ணு பிடிக்காதது. ப்ளேட் தேஞ்சு போய் ஃப்ளைவீலைக் கவ்வ முடியாம வழுக்கும். அக்டோபர்ல இருந்தது அது. இன்னொண்ணு விடாதது. பெடலை மிதிச்சாலும் ப்ளேட் பிரியாது, என்ஜின் சுத்தறது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குப் போயிட்டே இருக்கும். சுத்திட்டு இருக்கிற ஷாஃப்ட்ல கியர் எப்படி விழும்?

பேங்க்ல டே புக் டேலி ஆகலைன்னா, கடைசியா என்ன என்ட்ரி போட்டோம்னுதான் மொதல்ல பார்ப்போம். பத்து வருஷ லெட்ஜரைத் தூக்கி வெளிய போட மாட்டோம். சாச்சா பண்ணதும் அதேதான். கடைசியா கை வெச்சது க்ளட்ச்ல. அப்போ அங்கதான் தேடணும். ஆனா அதுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கணுமா? அதுக்கும் ஒரு சோதனை வெச்சிருந்தார்.

வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, "சாஹேப், பெடலை மிதிங்க"ன்னார். ஆபீஸ் ஷூவோட ஏறி மிதிச்சேன். அந்த வண்டியில பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் கீழ ஸ்லேவ் சிலிண்டர்ல இருக்கிற ராடைத் தள்ளும், ராடு ஃபோர்க்கைத் தள்ளும். ராடு போதுமான தூரம் நகர்ந்தும் க்ளட்ச் விடலைன்னா கோளாறு உள்ள இருக்கு. ப்ளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம், பைலட் பேரிங் இறுகிப் போயிருக்கலாம். அப்போ இறக்கித்தான் ஆகணும். ராடே நகரலைன்னா கோளாறு வெளிய.

ராடு கொஞ்சம்தான் நகர்ந்துச்சு. "வேகமா அஞ்சாறு தடவை மிதிங்க"ன்னார். மிதிச்சேன். இப்போ நல்லா நகர்ந்துச்சு. சாச்சா சிரிச்சார். "ஹவா ஹை."

லைன்ல காத்து. பைப்பைக் கழட்டி மாட்டினவங்க காத்தை ஒழுங்கா வெளியேத்தல. ஆயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம். மிதிக்கிற மிதியெல்லாம் காத்தை அமுக்கவே சரியாப் போயிரும். நிப்பிள்ல ஒரு பிளாஸ்டிக் டியூப்பை மாட்டி, நான் மிதிச்சுப் பிடிக்க, அவர் திறக்க, குமிழ் குமிழா வந்துச்சு. மூடின பிறகுதான் காலை எடுக்கணும். இல்லைன்னா காத்து திரும்ப உள்ள போயிரும். பாவு மேல டப்பாவுல ஆயில் குறையாமப் பார்த்துக்கிட்டார். குமிழ் நின்னதும் ஸ்டார்ட் பண்ணா, ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்துச்சு.

நான் கைதட்டாத குறை. சாச்சா விடலை. "பெடலை மிதிச்சே வெச்சிருங்க"ன்னார். ஒரு நிமிஷத்துல ராடு மெல்லப் பின்வாங்குச்சு. வெளிய எங்கயும் ஆயில் ஒழுகல. மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேஞ்சு, ஆயில் உள்ளுக்குள்ளயே திரும்பிப் போகுது. சிக்னல்ல மிதிச்சுட்டு நின்னா மறுபடி அதே தொல்லை வரும். மாஸ்டர் கிட் வாங்கி மாட்டி, இன்னொரு தடவை காத்தெடுத்து முடிக்க சாயந்திரம் ஆயிருச்சு. கிட், ஆயில், சாச்சா கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். முப்பதாயிரம் எங்க, இது எங்க!

கதை இதோட முடிஞ்சிருந்தா நானும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன். மூலையில பழைய ப்ளேட் கிடந்துச்சு. லைனிங் மொத்தமும் தேஞ்சு ரிவெட் வெளிய தெரிஞ்சுது. பக்கத்துலயே கழட்டிப் போட்ட ஃப்ளைவீல். சூட்டுல நீலம் பாரிச்சு, விரிசல் விட்டிருந்துச்சு. சாச்சா அதைக் காலால தட்டி, "வழுக்க ஆரம்பிச்சப்பவே மாத்தியிருந்தா ப்ளேட்டோட போயிருக்கும். யார் ஓட்டச் சொன்னது?"ன்னு கேட்டார்.

பாவு என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. அவர் திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

பிப்ரவரி 28 அன்னிக்கு டிசம்பர் தவணை வந்துச்சு. கணக்கு தப்பிச்சுது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல 'வாகனம் நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதினேன். அக்டோபர்ல நான் சொன்னதை எழுத அதுல காலம் இல்லை. அதனால இங்க எழுதுறேன்.

இப்பல்லாம் யாராவது வண்டியைக் காரணம் சொல்லித் தவணைக்கு டைம் கேட்டா, கம்ப்யூட்டரை விட்டுட்டு, "என்ன சத்தம் வருது? எப்போ வருது?"ன்னு கேக்கிறேன். பாதிப் பேர் கதை விடறாங்கன்னு தெரியும். மீதிப் பாதிக்காகக் கேக்கிறேன்.

உங்க வண்டியில கியர் விழலைன்னா, பாக்ஸைப் பிரிக்க விடாதீங்க. மொதல்ல என்ஜினை அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க.